மூளைத் தூண்டல் சிகிச்சைக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் மகனுக்கு ஆறு வயது, ஆட்டிசம் இருக்கிறது. பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. தலையில் காந்தச் சுருள் வைத்து மூளையைத் தூண்டும் டி.எம்.எஸ். சிகிச்சையை 36 முறை கொடுத்தால் பேசத் தொடங்குவான் என்று ஒரு மையத்தில் சொல்கிறார்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் தள்ளுபடி உண்டாம். சேமிப்பைக் காலி செய்தாலும் பாதிதான் தேறும். மீதிக்குத் தனிநபர் கடன் வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பிள்ளை பேசிவிட மாட்டானா என்ற உங்கள் தவிப்பு எனக்குப் புரிகிறது. புரிந்துதான் சொல்கிறேன்.

டி.எம்.எஸ். ஏமாற்று வேலை இல்லை. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் செய்துகாட்டிய முறை அது. அறுவை கிடையாது, மயக்க மருந்து கிடையாது. மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008இல் மனச்சோர்வுக்கும், 2018இல் ஒரே எண்ணமும் செயலும் விடாமல் துரத்தும் ஓ.சி.டி. என்ற மனநலச் சிக்கலுக்கும் இதை அனுமதித்தது. 'எஃப்.டி.ஏ. அனுமதி பெற்ற கருவி' என்று மையத்தில் சொல்லியிருப்பார்கள். கருவிக்கு அனுமதி இருப்பது உண்மைதான், ஆனால் எந்த நோய்க்கு என்பதுதான் கேள்வி. ஆட்டிசத்துக்கு அந்த அனுமதி கிடையாது. தலையில் மெல்லிய மின்சாரம் செலுத்தும் டி.டி.சி.எஸ். என்ற இன்னொரு முறைக்கும் ஆட்டிசத்துக்கான அனுமதி கிடையாது.

ஆட்டிசத்தில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சிலவற்றில் திரும்பத் திரும்பச் செய்யும் பழக்கங்கள் குறைந்ததாகப் பதிவாகியிருக்கிறது. ஆனால் பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள், பிள்ளைகளை நீண்ட காலம் கவனித்துப் பார்த்தவையும் அல்ல. இன்னொன்று, ஆறு வயதுப் பிள்ளை சிகிச்சை இல்லாமலும் சில மாதங்களில் கொஞ்சம் முன்னேறுவான். அதனால்தான் நல்ல ஆய்வில் ஒரு பகுதியினருக்குப் போலித் தூண்டல் கொடுத்து, அதாவது உண்மையில் மூளையைத் தூண்டாமல் சிகிச்சை போலவே செய்து, ஒப்பிடுகிறார்கள். மையம் காட்டும் வீடியோக்களில் அந்த ஒப்பீடு இருக்காது.

சரி, பணத்துக்கு வருவோம். மனச்சோர்வுக்கு டி.எம்.எஸ். எடுத்தவர்களிலேயே பலருக்குப் பலன் தேய்ந்து மறுசுற்று தேவைப்படுகிறது. அதனால் 36 முறையோடு செலவு நிற்கும் என்று கணக்குப் போடாதீர்கள். காப்பீட்டு நிறுவனங்களும் நிரூபணமாகாத சிகிச்சைக்குப் பெரும்பாலும் பணம் தருவதில்லை. கடன் வாங்கினால் பேச்சுப் பயிற்சிக்கும் அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் மாதாமாதம் கொடுக்க வேண்டிய பணம் தவணைக்குப் போய்விடும். எனக்குப் பெரிய கவலை இதுதான். இந்தப் பயிற்சிகள் மெதுவானவை, வருடக்கணக்கில் நடக்க வேண்டியவை. நடுவில் நின்றால் இழப்பு பிள்ளைக்குத்தான்.

ஆறு மாதக் குடும்பச் செலவைத் தொடாமல் தனியே வையுங்கள். உங்கள் இருவர் பேரிலும், இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் டேர்ம் இன்ஷூரன்ஸ் இருக்கிறதா? மற்ற பிள்ளைகளைவிட இவன் அதிக காலம் உங்களைச் சார்ந்திருக்கக்கூடும் என்பதால் தள்ளுபடியைவிட அது அவசரம்.

இதற்கப்புறமும் முயன்று பார்க்க ஆசை இருந்தால், முறையாகப் பதிவான மருத்துவ ஆய்வில் சேர முடியுமா என்று அவனுடைய நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். அப்படிப்பட்ட ஆய்வுகளில் சோதிக்கப்படும் சிகிச்சைக்குப் பொதுவாகக் கட்டணம் வாங்குவதில்லை. வலிப்பு பற்றியும் கேளுங்கள். டி.எம்.எஸ்.ஸால் வலிப்பு வருவது அரிது, ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு நோயே கூடுதலாகக் காணப்படுகிறது.

மையத்திடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: இவன் வயதுப் பிள்ளைகளிடம் போலித் தூண்டலோடு ஒப்பிட்ட ஆய்வு எது, பாதியில் நிறுத்தினால் எவ்வளவு பணம் திரும்பும், ஒவ்வொரு முறைக்கும் தனித்தனியாகக் கட்ட முடியுமா. எழுத்தில் பதில் வராவிட்டால் முன்பணம் கட்டாதீர்கள்.