பேட் மட்டுமா, டிஸ்க்கும் சேர்த்தா? – கார் பிரேக் கேள்வி பதில்

கேள்வி: என் கார் 5 வருடத்தில் 48,000 கி.மீ. ஓடியிருக்கிறது. முன் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது. டிஸ்க்கையும் சேர்த்து மாற்றச் சொல்கிறார்கள் சர்வீஸ் சென்டரில். பேட் மட்டும் போட்டால் போதாதா? – வாசகர், ஈரோடு

பதில்: வீலோடு சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க்; அதை இரு பக்கமும் அழுத்திப் பிடித்து நிறுத்துவது பேட். டிஸ்க்கை அளந்து பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள். அளக்காமல் 'மாற்று' என்பதும் தப்பு, 'அப்படியே ஓட்டு' என்பதும் தப்பு. பெரும்பாலான டிஸ்க்குகளின் விளிம்பிலோ நடுவில் எழும்பியிருக்கும் பகுதியிலோ 'மின் டிஹெச்' (MIN TH) என்று ஒரு எண் பொறித்திருக்கும். அதுதான் அந்த டிஸ்க்குக்கு அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்சத் தடிமன். துரு மூடியிருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் தெரியும். தெரியாவிட்டால் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

மைக்ரோமீட்டரால் (தடிமனைத் துல்லியமாக அளக்கும் திருகுக் கருவி) அளக்க வேண்டும். சாதாரண வெர்னியர் அளவுகோலை வைத்தால் அதன் தாடை, பேட் படாமல் தேயாமல் நிற்கும் ஓர மேட்டில் உட்கார்ந்துகொண்டு தடிமனைக் கூட்டிக் காட்டும். ஓரத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே தள்ளி, சுற்றிலும் 6 முதல் 8 இடங்களில் அளந்து, கிடைத்ததில் குறைவான எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

புதிதில் 20 மி.மீ., குறைந்தபட்சம் 18 மி.மீ. என்று இருக்கும் டிஸ்க்கில் 19.3 வந்தால் தாராளமாகப் புது பேட் போடலாம். 18.3 வந்தால், இந்த பேட் தேய்ந்து முடிவதற்குள் டிஸ்க் வரம்பைத் தாண்டிவிடும். கூலியை இரண்டு முறை கொடுப்பதைவிட இப்போதே மாற்றிவிடுவது மேல். 18.3-ஐ லேத்தில் கொடுத்துச் சீவினால் கிட்டத்தட்ட 18-க்கு வந்து நிற்கும். அந்த வேலையே வேண்டாம். தடிமன் குறைந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது, சீக்கிரம் வெடிப்பு விடும்.

மெல்லிய கோடுகள் இருப்பது குறையல்ல. நகம் நன்றாகச் சிக்கும் ஆழத்தில் பள்ளமோ, ஓரம் வரை ஓடும் வெடிப்போ இருந்தால் தடிமன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுங்கள். மாற்றினால் இடது, வலது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பேட்டில் உராய்வுப் பொருள் 3 மி.மீ.க்கு வந்ததும் மாற்றிவிடுவது நல்லது.

கேள்வி: புது டிஸ்க், புது பேட் போட்டு மூன்று மாதம்தான் ஆகிறது. 80 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் உதறுகிறது. டிஸ்க் வளைந்துவிட்டது, வேறு போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். – வாசகர், சென்னை

பதில்: இன்னொரு டிஸ்க் வாங்கிவிடாதீர்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் போட்டால் அதுவும் சில மாதத்தில் உதறும். வழக்கமாக இதில் நடப்பது, டிஸ்க் சூட்டில் வளைவதல்ல. அதன் தடிமன் இடத்துக்கு இடம் மாறிப்போவது. 0.02 மி.மீ. வித்தியாசமே பெடலிலும் ஸ்டியரிங்கிலும் தெரியும்.

இது தொடங்குவது ஹப்பில், அதாவது டிஸ்க்கும் வீலும் மாட்டும் நடுப்பகுதியில். பழைய டிஸ்க்கைக் கழற்றியதும் ஹப் முகத்தில் துருப் பொருக்கு இருக்கும். வீல் போல்ட்டுகளைச் சுற்றி ஒரு வளையமாக ஒட்டியிருப்பது கண்ணுக்கே தெரியும். அதைச் சுரண்டாமல் புது டிஸ்க்கை மாட்டினால் டிஸ்க் மயிரிழை சாய்ந்து உட்காரும். வண்டி ஓடும்போது பிரேக் பிடிக்காமலே ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேட்டை உரசி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். அதனால்தான் மாட்டிய அன்று நன்றாக இருந்த வண்டி சில ஆயிரம் கி.மீ. கழித்து உதறுகிறது. கடற்கரை ஊர்களில் துரு வேகமாகப் பிடிப்பதால் இந்தத் தொல்லை அதிகம்.

டிஸ்க்கை நட் போட்டு ஹப்போடு இறுக்கிவிட்டு, டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தைக் காட்டும் முள் கருவி) வைத்துச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பல கார்களுக்கு டிஸ்க் பக்கவாட்டில் ஆடும் வரம்பு 0.05 முதல் 0.10 மி.மீ. வரைதான். கூடுதலாக ஆடினால் கழற்றி, ஹப்பைக் கம்பி பிரஷ்ஷாலும் எமரி பேப்பராலும் சுத்தம் செய்து மாட்டி, மறுபடி அளக்க வேண்டும். தடிமன் ஏற்கெனவே மாறியிருந்தாலும், புது டிஸ்க்கில் சீவுவதற்கு இடம் இருக்கும். வண்டியிலேயே வைத்துச் சீவும் லேத் உள்ள கடை கிடைத்தால் அதுதான் சிறந்தது.

இன்னொரு காரணம் வீல் நட். ஏர் கன்னால் 'டர்ர்' என்று முடுக்கினால் ஒரு நட் அதிகமாகவும் ஒரு நட் குறைவாகவும் இறுகும். எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) மேனுவல் சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும். பஞ்சர் ஒட்டும்போதும் இதே கவனம் வேண்டும்.

கேள்வி: செராமிக் பேட், துளை போட்ட டிஸ்க் போட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்குமா? தினமும் ஆபீஸ் போய்வரும் வண்டி. – வாசகர், கோவை

பதில்: துளை போட்ட டிஸ்க் வேண்டவே வேண்டாம். உங்கள் ஓட்டத்துக்கு அதனால் பயன் ஏதுமில்லை. துளையைச் சுற்றி வெடிப்பு வருவதுதான் மிச்சம். கம்பெனி போட்ட அதே அளவில் சாதாரண டிஸ்க் போதும்.

பேட்டில் செராமிக் சத்தம் குறைவு, வீலில் கரித்தூள் படிவதும் குறைவு. உலோகத்தூள் கலந்த செமி மெட்டாலிக் சூட்டில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் சத்தமும் டிஸ்க் தேய்மானமும் கூடும். நகர ஓட்டத்துக்கு ஒரிஜினல் பேட் அல்லது ரானே, டிவிஎஸ் கர்லிங், பாஷ் போன்ற பெயருள்ள தயாரிப்பு எதுவானாலும் போதும். பில் போட்டு வாங்குங்கள். பிரேக்கில் போலி சரக்கு உயிரோடு விளையாடுவது.

பல பேட்டுகளின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்து அச்சிட்டிருக்கும். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உராய்வு எவ்வளவு என்பது, இரண்டாவது அதிகச் சூட்டில். 'இ' (E) என்றால் 0.25–0.35, 'எஃப்' (F) என்றால் 0.35–0.45, 'ஜி' (G) என்றால் 0.45–0.55. இரண்டாவது எழுத்து 'இ' என்றிருக்கும் பேட்டை மலைப்பாதை ஓட்டுபவர்கள் தவிர்க்கலாம். பேட் எத்தனை நாள் உழைக்கும் என்பதை இந்த எழுத்துகள் சொல்லாது.

கேள்வி: பேட்டை நானே மாற்றலாம் என்றிருக்கிறேன். எதில் கவனம் வேண்டும்? – வாசகர், திருநெல்வேலி

பதில்: ஜாக்கை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். காலிப்பரை (பேட்டைப் பிடித்து அழுத்தும் பகுதி) பிரேக் ஆயில் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். பேட்டைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே பிரேக் ஆயில் டேங்கில் ஆயில் ஏறும்; வழிந்து பெயின்ட்டில் பட்டால் பெயின்ட் உரியும். முன்கூட்டியே கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

காலிப்பர் நகரும் இரண்டு பின்களையும் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்து பின்னை இறுக்கிவிடும். கழற்றிய பேட்டுகளில் ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் தேய்ந்திருந்தால், பின்னோ பிஸ்டனோ சிக்கியிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் புது பேட் போட்டால் அதுவும் அப்படியே தேயும். புது டிஸ்க்கில் துருவுக்காகப் பூசியிருக்கும் எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைக்க மறக்காதீர்கள். தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது.

வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்துவதற்கு முன் பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். பிஸ்டன் பின்னால் போயிருப்பதால் முதல் மிதி தரை வரை போகும். அந்த நிலையில் கியர் போட்டால் வண்டி நிற்காது. பிறகு புது பேட் டிஸ்க்கோடு பொருந்துவதற்காக, காலியான சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 10-க்கு, நிதானமாக 8 முதல் 10 முறை பிரேக் பிடியுங்கள். இடையில் முழுதாக நிறுத்தி பெடலை மிதித்தபடி நிற்காதீர்கள். சூடான பேட் அந்த இடத்தில் டிஸ்க்கில் ஒட்டித் தடம் விடும். பின்பு சில கி.மீ. பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடுங்கள்.

பின் வீலிலும் டிஸ்க், அதிலேயே எலெக்ட்ரிக் ஹேண்ட்பிரேக் என்றால் அதை மட்டும் வீட்டில் தொடாதீர்கள். ஸ்கேனரால் (சர்வீஸ் சென்டரின் கணினிக் கருவி) ஹேண்ட்பிரேக் மோட்டாரைப் பின்வாங்கவைத்த பிறகுதான் பிஸ்டனைத் தள்ளலாம்.

கேள்வி: ஊட்டியிலிருந்து இறங்கும்போது கருகல் நாற்றம், பெடல் பஞ்சுபோல் அமுங்கியது. புது பேட்தான். – வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: நாற்றம் பேட்டிலிருந்து வருவது. பெடல் அமுங்கியது பிரேக் ஆயிலால். ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் கொதிநிலை இறங்கும். டாட் 4 ரக ஆயிலுக்குப் புதிதில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கான வரம்பு 155 டிகிரிதான். கொதித்து ஆவிக் குமிழி வந்தால் பெடலுக்கு அழுத்தம் கிடைக்காது. ஆயிலை 2 வருடத்துக்கு ஒருமுறை, நான்கு வீலிலும் பிளீட் செய்து (பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றி) மாற்றுங்கள். இறக்கத்தில் இரண்டாவது கியரில் இன்ஜின் பிடிப்பில் இறங்கி, தேவைப்படும்போது மட்டும் அழுத்திப் பிடித்து விடுங்கள். நாற்றம் வந்தால் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிப்பு விடும். பளபளவென்று கருகிப்போன பேட்டை மாற்றிவிடுங்கள்.