கிபுட்ஸ் கூட்டுப் பண்ணைகளில் அரசின்மைவாதத்துக்கு இடம் இருந்ததா?

கிபுட்ஸ் என்பது பாலஸ்தீனத்தில் யூதக் குடியேறிகள் அமைத்த கூட்டுப் பண்ணை. அது மார்க்சியத்தின் பிள்ளை என்றே பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைதான். அரசோ மேலதிகாரமோ இன்றி மக்கள் தாமே கூடி வாழலாம் என்ற அரசின்மைவாதமும் அதில் கலந்திருந்தது.

1910-இல் கலிலேயக் கடலோரம் முதல் கிபுட்ஸான தெகானியாவைத் தொடங்கியவர்கள் 10 ஆண்கள், 2 பெண்கள். கூலி கிடையாது, மேலாளர் கிடையாது. எல்லாவற்றையும் கூடிப் பேசியே முடிவு செய்தார்கள். ரஷ்ய அரசின்மைவாதி குரோபோத்கினின் பரஸ்பர உதவிக் கருத்தும் டால்ஸ்டாயின் உழைப்புப் பற்றும் அந்தத் தலைமுறையிடம் பரவியிருந்தன.

இன்னும் ஆழமாகப் பாதித்தவர் ஜெர்மானிய யூதரான அரசின்மைவாதச் சிந்தனையாளர் குஸ்தாவ் லாண்டவர். அரசு என்பது உடைத்தெறியும் பொருளன்று, மனிதர்களுக்கு இடையிலான ஓர் உறவுமுறை. வேறு விதமாகக் கூடி வாழத் தொடங்கினாலே அது கரையும் என்றார் அவர். 1919-இல் மியூனிக்கில் படைவீரர்கள் அவரை அடித்துக் கொன்றார்கள். அவருடைய சிந்தனையை யூத இளைஞர்களிடம் கொண்டு சேர்த்தவர் அவருடைய நண்பரான தத்துவஞானி மார்ட்டின் பூபர்.

ஆனால் ஒரு முரணை மறைக்கக் கூடாது. பண்ணை நிலம் பெரும்பாலும், யூதக் குடியேற்றத்துக்காக நிலம் வாங்கிய அமைப்பான யூத தேசிய நிதியம் வாங்கியது. சில இடங்களில் அதில் பயிரிட்டுவந்த அரபுக் குத்தகையாளர்கள் வெளியேற நேர்ந்தது. அரசே வேண்டாம் என்ற கனவில் முளைத்த பண்ணைகள், 1948-இல் உருவான இஸ்ரேல் அரசுக்குத் தூண்களாகவும் ஆயின.