பெல்ட்டை இறுக்கினால் சத்தம் போய்விடுமா?

கேள்வி: என்னிடம் 2009 மாடல் ஆல்டோ இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் கீச்சென்று ஒரு சத்தம். அரை நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. மழை நாளில் இன்னும் அதிகம். தெருமுனை மெக்கானிக் ஃபேன் பெல்ட்டை டைட் வைத்துக் கொடுத்தார். கொஞ்ச நாள் சரியாக இருந்து, மறுபடி அதே கதை. சர்வீஸ் சென்டரில் பெல்ட், ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றச் சொல்கிறார்கள். எதைக் கேட்பது?
– வாசகர், மதுரை

பதில்: இப்போதைக்கு மூன்றையும் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். பெல்ட் சில நூறு ரூபாய். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பல ஆயிரம். சின்னச் செலவில் தீருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெரிய செலவுக்குப் போக வேண்டும்.

காலையில் மட்டும் ஏன் கத்துகிறது? ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியிலிருந்து நிறைய மின்சாரம் போய்விடுகிறது. அதை ஈடுகட்ட ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் வேலை செய்கிறது, அதைச் சுற்றும் பெல்ட்டுக்குச் சுமை கூடிவிடுகிறது. பெல்ட்டுக்குப் பிடிப்பு போதவில்லை என்றால் அந்த நேரத்தில்தான் வழுக்கும். ஈரமும் சேர்ந்தால் இன்னும் வழுக்கும். பேட்டரி நிரம்ப நிரம்பச் சுமை குறைகிறது, சத்தமும் அடங்குகிறது. ஆக உங்கள் காரில் பெல்ட் வழுக்குகிறது என்பது ஏறக்குறைய நிச்சயம். ஏன் வழுக்குகிறது என்று பார்க்காமல் இறுக்கிக்கொண்டே போவதுதான் தவறு.

என்ஜினை அணைத்து, ஆறவிட்டு, சாவியை எடுத்துவிட்டு ஒரு டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பெல்ட்டின் உள்பக்கமும் ஓரங்களும் கண்ணாடி போலப் பளபளக்கிறதா? விரல் வைத்தால் வழவழ என்றிருக்கிறதா? அப்படியென்றால் ரப்பர் கெட்டிப்பட்டுவிட்டது, எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் பிடிக்காது. எண்ணெயோ கூலன்ட்டோ பட்டு ஊறியிருந்தாலும் அதே கதைதான். முதலில் அந்தக் கசிவை அடைக்க வேண்டும். இன்னொன்று: ஆல்டர்னேட்டரின் மேல் போல்ட், பட்டையில் உள்ள நீள ஓட்டையில் நகரும். அது ஓட்டையின் கடைசி முனைக்கே வந்துவிட்டது என்றால் இனி இறுக்க இடமில்லை. ஒன்று பெல்ட் தேய்ந்திருக்க வேண்டும், இல்லை அளவு தவறான பெல்ட் போட்டிருக்க வேண்டும். வரி வரியாக உள்ள பெல்ட்டின் முதுகில் 4பிகே 850 என்பது போல அச்சிட்டிருப்பார்கள். 4 வரி, 850 மி.மீ. நீளம் என்று பொருள். கையேட்டில் உங்கள் வண்டிக்குச் சொன்ன அளவோடு ஒப்பிடுங்கள். விரிசல் இல்லை என்பதால் பெல்ட் நன்றாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இப்போது வரும் இபிடிஎம் ரப்பர் பெல்ட்டுகள் விரிசல் விடாமலே தேய்ந்து போகும்.

பெல்ட் நல்ல நிலையில் இருந்தால் அப்புறம் இறுக்கலாம். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். ஆல்டர்னேட்டரில் ஸ்பேனர் தவறிப் பட்டால் தீப்பொறி பறக்கும். கீழே இருக்கும் நீள போல்ட், மேலே இருக்கும் போல்ட் இரண்டையும் லேசாகத் தளர்த்தி, ஆல்டர்னேட்டரை வெளிப்பக்கம் நெம்ப வேண்டும். அதன் உடம்பு அலுமினியம். மெல்லிய பகுதியில் கம்பியைக் கொடுத்து நெம்பினால் விரிசல் விடும். போல்ட் மாட்டும் தடித்த காதருகே கொடுங்கள். இழுத்துப் பிடித்தபடியே முதலில் மேல் போல்ட்டை முடுக்கி, பிறகு கீழ் போல்ட்டை முடுக்குங்கள்.

எவ்வளவு இறுக்கம் வேண்டும்? பெல்ட் ஓடும் சக்கரங்கள்தான் புல்லிகள்; இரண்டு புல்லிகளுக்கு நடுவே உள்ள நீளமான பகுதியில் கட்டைவிரலால் சுமார் 10 கிலோ அழுத்தம் கொடுத்தால், இந்த மாதிரிச் சின்ன என்ஜின்களில் 6 முதல் 9 மி.மீ. வரை பெல்ட் உள்ளே போக வேண்டும். உங்கள் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் கணக்கு. கம்பி போல விறைப்பாக நின்றால் பெருமைப்படாதீர்கள். அந்த இழுப்பு முழுக்க ஆல்டர்னேட்டர் பேரிங்கிலும் வாட்டர் பம்ப் பேரிங்கிலும் விழுகிறது. சத்தம் நிற்கட்டும் என்று அளவுக்கு மீறி இறுக்கி, சில மாதத்தில் வாட்டர் பம்ப் ஒழுகி வருகிற கார்கள் நிறைய. முடிந்ததும் ஹெட்லைட், ஏசி ஃபேன் எல்லாம் போட்டுச் சில நிமிடம் ஓட்டி, அணைத்து, மறுபடி அழுத்திப் பாருங்கள். புது பெல்ட் என்றால் சில நூறு கி.மீ. ஓடியதும் ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும், முதலில் கொஞ்சம் தளரும்.

ஆல்டர்னேட்டர் கெட்டிருக்கிறதா என்பதற்குச் சோதனை எளிது. என்ஜின் ஓடும்போது பேட்டரியில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். என்ஜினை அணைத்து, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் இரண்டின் புல்லிகளையும் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு இல்லாமல், ஆட்டம் இல்லாமல் சுற்றினால், அதோடு பம்ப் ஓரத்தில் கசிவும் இல்லை என்றால், அவற்றை மாற்ற வேண்டிய அவசியம் என்ன என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். புல்லி ஆடினால் அவர்கள் சொன்னது நியாயம்தான்.

பெல்ட் வாங்கும்போது பாக்கெட்டில் பார்ட் நம்பரும் விலையும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து பில்லோடு வாங்குங்கள். ஃபென்னர் பெல்ட் உங்கள் ஊர் கோச்சடையிலேயே தயாராவது. மதுரையில் நல்ல பெல்ட்டுக்குப் பஞ்சமில்லை.

கேள்வி: பெல்ட் சத்தத்துக்கு ஸ்ப்ரே விற்கிறார்களே, அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். பிசுபிசுப்பு சில நாள் சத்தத்தை மறைக்கும். அப்புறம் தூசியை இழுத்து ஒட்டிக்கொள்ளும், புல்லியும் கெடும். அதற்குப் பதில் வெறும் தண்ணீர் போதும். என்ஜின் ஓடும்போது, கையையும் துணியையும் தள்ளி வைத்துக்கொண்டு, வரி பெல்ட்டின் உள்பக்கத்தில் லேசாகத் தெளியுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. சத்தம் நின்று சற்று நேரத்தில் திரும்பி வந்தால் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை; அதற்கு இறுக்கம் மருந்தல்ல.

கேள்வி: என் காரில் தளர்த்த போல்ட்டே இல்லை. மெக்கானிக் பெல்ட்டை இறுக்கியதாகச் சொல்லி 600 ரூபாய் வாங்கிவிட்டார்.

பதில்: உங்களுடையது தானாக இறுக்கம் தரும் ஸ்பிரிங் டென்ஷனராக இருக்கலாம். அதில் கையால் வைக்க எதுவும் இல்லை. பெல்ட் தளர்ந்தால் பெல்ட்டோ டென்ஷனரோ போய்விட்டது என்றுதான் அர்த்தம். என்ன வேலை செய்தார் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதியலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை. அடுத்த முறை எந்தப் பாகத்தை மாற்றினாலும், பழையதை வேலை முடிந்த கையோடு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.