ஒளி ஏன் சிவக்கிறது? சில கேள்விகள், பதில்கள்

சார், ஒளி சிவப்புப் பக்கம் நகர்வதைச் செம்பெயர்ச்சி என்கிறார்கள். பிரபஞ்சம் விரிவதால் வரும் செம்பெயர்ச்சியும் ஈர்ப்பால் வருவதும் ஒன்றுதானா? இரண்டிலும் அலைநீளம் கூடத்தானே செய்கிறது?

விளைவு ஒன்று, காரணம் வேறு. ஈர்ப்பு என்றால், ஒளி எந்த இடத்திலிருந்து கிளம்பி எந்த இடத்துக்கு வந்தது என்று கேளுங்கள். கனமான பொருளுக்கு அருகே கடிகாரம் மெதுவாக ஓடும்; அங்கிருந்து வரும் ஒளியின் அதிர்வெண் நமக்குக் குறைந்து தெரியும். பிரபஞ்ச விரிவு என்றால், எப்போது கிளம்பி எப்போது வந்தது என்று கேளுங்கள். ஒளி வந்துகொண்டிருந்த காலத்தில் பிரபஞ்சம் இரண்டு மடங்கு விரிந்திருந்தால், அலைநீளமும் இரண்டு மடங்காகியிருக்கும்.

ஒளி மேலிருந்து கீழே வந்தால்?

நீலப் பக்கம் பெயரும். 1960-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பவுண்டு, ரெப்கா என்ற இரு இயற்பியலாளர்கள் வெறும் 22.5 மீட்டர் உயரத்தில் இதை அளந்துவிட்டார்கள். இரும்பு-57 தரும் காமா கதிரைக் காற்று விழுங்கிவிடக் கூடாதென்று வழி நெடுக ஹீலியம் நிரப்பிய பை வைத்தார்கள். அவர்கள் தேடிய மாற்றம் நான்கு கோடி கோடியில் ஒரு பங்கு! எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

சூரிய ஒளியிலும் இது உண்டா?

உண்டு, பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. சிரியஸ்-பி போன்ற வெண்குறு விண்மீனில், அதாவது எரிந்து முடிந்து சுருங்கி அடர்ந்துபோன விண்மீனில், அதைவிட நூறு மடங்குக்கு மேல்.

சரி, ஒரு நிறமாலையை, அதாவது நிறம் நிறமாகப் பிரித்த ஒளியைப் பார்த்து, எந்த வகைப் பெயர்ச்சி என்று எப்படிச் சொல்வது?

பெயர்ச்சியின் அளவை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 1963-இல் வானியலாளர் மார்ட்டின் ஷ்மிட் 3சி 273 என்ற குவாசரின் (விண்மீன் போலப் புள்ளியாகத் தெரியும் பொருள்) நிறமாலையைப் பார்த்தபோது, 486 நானோமீட்டரில் இருக்க வேண்டிய, ஹைட்ரஜன் வாயு தரும் ஒளிக்கோடு 563-இல் இருந்தது. வெகு தொலைவிலிருந்து ஒளி வரும் காலத்தில் பிரபஞ்சம் விரிந்ததாலா, அல்லது பக்கத்திலேயே உள்ள ஏதோ கனத்த விண்மீனின் ஈர்ப்பாலா? அடுத்த ஆண்டே அவரும் சக வானியலாளர் கிரீன்ஸ்டைனும் இதை அலசினார்கள். அந்த நிறமாலையில் மிக மெல்லிய வாயுவில் மட்டுமே பிறக்கும் கோடுகளும் இருந்தன. அவ்வளவு ஈர்ப்புள்ள இடத்தில் வாயு நெருக்கியடித்துக் கிடக்கும். அப்புறம், ஆழத்துக்கு ஆழம் பெயர்ச்சி மாறுவதால் கோடுகளும் இழுபட்டுக் கலங்கிவிடும். ஆகவே தொலைவுதான்.

ஒரே ஒளியில் இரண்டும் இருக்குமா?

பிரபஞ்ச நுண்ணலைப் பின்னணியில் இருக்கிறது; பிரபஞ்சத்தின் தொடக்க காலத்தில் கிளம்பி இன்றும் எல்லாத் திசையிலிருந்தும் வரும் ஒளி அது. விரிவு அந்த ஒளியை ஏறத்தாழ 1,100 மடங்கு நீட்டியிருக்கிறது. அதற்கு மேல், அன்று அடர்த்தி சற்றே கூடியிருந்த பரந்த பகுதிகளின் ஈர்ப்பைத் தாண்டி வந்த ஒளி, லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவில் இன்னும் சிவந்து, அதாவது குளிர்ந்து, தெரிகிறது.