அடுத்தடுத்து இரண்டு வெள்ளாடு குட்டி வீசிவிட்டன (மாதம் நிறையும் முன்பே கரு விழுந்துவிட்டது), புருசெல்லா என்ற கிருமி நோயாக இருக்குமா? வீசிய ஆட்டைப் பட்டியில் வைத்துக்கொள்ளலாமா?

இரண்டுமே நாலாம் மாதத்துக்கு மேல் வீசியிருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். புருசெல்லாதான் என்று அடித்துச் சொல்லவில்லை. ஆட்டுக்கொல்லி நோயிலும் வீசும், முட்டு வாங்கினாலும் வீசும். ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். வீசின சூட்டோடு எடுத்தால் சில நேரம் ஒன்றும் காட்டாது, அதனால் மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை எடுக்கச் சொல்லுங்கள்.

எங்கள் பட்டியில் இது வந்தபோது ஆட்டை விட அப்பாதான் அதிகம் பட்டார். நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்துப் போடுகிறவர். சாயங்காலமானால் காய்ச்சல், ராத்திரி சட்டை நனைய வியர்வை, இடுப்பு வலி. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் டைபாய்டு என்று மருந்து கொடுத்தார்கள். குறையும், திரும்ப வரும். கடைசியில் ஆட்டுக்கு ரத்தம் எடுக்க வந்த கால்நடை மருத்துவர், திண்ணையில் போர்த்திக்கொண்டு கிடந்தவரைப் பார்த்து, "ஐயாவுக்கும் ரத்தம் பார்த்துடுங்க" என்றார். பார்த்தால் அவருக்கும் புருசெல்லாதான். ஆறு வாரம் டாக்சிசைக்ளினோடு இன்னொரு மருந்தும் சேர்த்துச் சாப்பிட்டுத் தேறினார்.

ஆட்டை வைத்துக்கொள்ளலாமா என்றால், எங்கள் மாமா சொன்னதைத்தான் உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள்: "ஒரு ஈத்து போகும், அடுத்த ஈத்து நல்லா ஈனும்." ஈனும், உண்மைதான். பெரும்பாலும் ஒரு தடவைதான் வீசும். ஆனால் கிருமி உள்ளேயே இருக்கும், பாலில் வரும், ஈனும்போதும் வரும். வீசின வெள்ளாட்டின் தீட்டில் இரண்டு மூன்று மாதம்கூட வடியலாம். அதனால் இப்போதே தனியாகக் கட்டுங்கள். வீசின குட்டியையும் கொடியையும் நாய் இழுக்காத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். பாலைக் காய்ச்சாமல் யாரும் குடிக்க வேண்டாம். சோதனையில் உறுதியானால் அந்த ஆட்டைப் பட்டியிலிருந்து கழித்துவிடுவதுதான் வழி. ஊசி போட்டு ஆட்டைக் குணமாக்குவதை நம்ப முடியாது. நாங்கள் மருத்துவரைக் கேட்டுக் கழித்தோம். "ஏழை ஆடு வளர்ப்பவனுக்கு இதெல்லாம் கட்டுமா" என்று கேட்பவர்களுக்கு, நாங்களும் ஏழைகள்தான்.

மாட்டில் 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு அரசுத் திட்டத்தில் இதற்குத் தடுப்பூசி உண்டு. அந்தத் திட்டத்தில் ஆடு இல்லை. பல நாடுகளில் ஆட்டுக்கு ரெவ்-1 என்ற தடுப்பூசி போடுகிறார்கள். இதையெல்லாம் பேசாமல், பத்து ஆட்டில் லட்சம் சம்பாதிக்கலாம் என்று யூடியூபில் கிளப்பிவிடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. அதைப் பார்த்துத்தான் ஊரில் பாதிப் பையன்கள், முன்னால் வீசியதா என்றுகூடக் கேட்காமல், சந்தையில் சினை ஆடு பிடித்து வருகிறார்கள்.