குண்டு பட்ட கட்டை 40 மீட்டர் ஏறுமா?

கே: 1000 கிலோ கார், மணிக்கு 72 கி.மீ. வேகம். இயக்க ஆற்றல் எனக்கு 26 லட்சம் ஜூல் வருகிறது, புத்தகத்தில் 2 லட்சம். அச்சுப்பிழையா?

ப: புத்தகம் சரி. 72-ஐ அப்படியே வர்க்கப்படுத்திவிட்டீர்கள். 3.6-ஆல் வகுத்து வினாடிக்கு 20 மீட்டர் என்று மாற்றியிருக்க வேண்டும். எண்ணைத் தொடுமுன் அலகைப் பாருங்கள்.

கே: புவியீர்ப்பு முடுக்கம் 9.8-ஆ, 10-ஆ?

ப: கேள்வியில் கொடுத்தது எதுவோ அது. கொடுக்காவிட்டால் 9.8. நான் இங்கே 10 போடுவது என் சோம்பேறித்தனம்.

கே: கயிற்றில் தொங்கும் 2 கிலோ மரக்கட்டையில் 10 கிராம் குண்டு 400 மீ/வி வேகத்தில் புதைகிறது. கட்டை எவ்வளவு உயரம் எழும்பும்? ஆற்றல் அழியாது என்று போட்டால் 40 மீட்டர், விடையில் 20 செ.மீ.

ப: வருடம் தவறாமல் வரும் கடிதம் இது. 40 மீட்டர் என்றால் பதிமூன்று மாடி, கயிற்றில் தொங்குகிற கட்டை அவ்வளவு ஏறுமா என்று ஒரு நொடி யோசித்திருந்தால் தபால் செலவு மிச்சம். ஆற்றல் அழியாதுதான், ஆனால் அது இயக்க ஆற்றலாகவே இருக்கும் என்று யார் சொன்னது? குண்டு கொண்டுவருவது 800 ஜூல். மரத்தைக் கிழித்து, நசுக்கி, சூடாக்கிப் புதைவதற்குள் சுமார் 796 தீர்ந்துவிடும், கட்டையைத் தூக்க மிஞ்சுவது வெறும் 4. அதனால் மோதும்போது மாறாமல் இருப்பது உந்தம் (நிறை × வேகம்) மட்டும்: 0.01 × 400 = 4, அதை 2.01 கிலோவால் வகுத்தால் சுமார் 2 மீ/வி. மோதி முடிந்த பிறகு ஆற்றல்: 2-இன் வர்க்கத்தை 20-ஆல் (புவியீர்ப்பு முடுக்கம் 10-இன் இரு மடங்கு) வகுக்க 0.2 மீட்டர். இங்கிலாந்தின் பெஞ்சமின் ராபின்ஸ் 1742-லேயே இதைத் திருப்பிப் போட்டு, கட்டை ஆடுவதை அளந்து குண்டின் வேகத்தைச் சொல்லிவிட்டார். நம் டியூஷன் சூத்திரத் தாள்களிலோ இரண்டு சமன்பாட்டையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்து மேலே ‘மோதல்’ என்று எழுதித் தருகிறார்கள், பிள்ளைகள் கைக்கு வந்ததைப் போடுகிறார்கள். ஒட்டிக்கொண்டால், புதைந்தால், இயக்க ஆற்றலை மறந்துவிடுங்கள். போன முறையும் சொன்னேன்.

கே: 60 வாட், 100 வாட் குண்டு பல்புகளைத் தொடரில் இணைத்தால் எது பிரகாசம்?

ப: 60. அதன் மின்தடை அதிகம் (230 வோல்ட்டில் சுமார் 880 ஓம், மற்றது 530), மின்னோட்டம் இரண்டிலும் ஒன்றே. பல்பில் அச்சிட்ட வாட், 230 வோல்ட் முழுசாகக் கிடைத்தால்தான் செல்லும்.

கே: பயிற்சி 14-க்கு விடை தேவை, அவசரம்.

ப: எந்தப் புத்தகம்? எந்தப் பாடம்?

கே: ஒரு யூனிட் என்பது மணிக்கு ஒரு கிலோவாட் தானே?

ப: இல்லை. கிலோவாட்டை மணியால் பெருக்க வேண்டும், ‘மணிக்கு’ என்றால் வகுத்ததாகிவிடும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், 36 லட்சம் ஜூல். மறுபடியும் அலகுதான்.