58 வயதில் நடைப்பயிற்சி தொடங்கியதும் குதிகால் வலிக்கிறது, காலையில் எழுந்ததும் வைக்கும் முதல் சில அடிகளில்தான் அதிகம். நிறுத்திவிடவா?

முழுதாக நிறுத்த வேண்டாம், தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள். காலையில் கட்டிலை விட்டு இறங்கியதும் வைக்கும் முதல் சில அடிகளில்தான் வலி அதிகம் என்கிறீர்கள். அப்படியென்றால் குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஓடும் தடித்த சவ்வு, பிளான்டார் ஃபேஸியா, பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். பழக்கமில்லாத சுமையைத் திடீரென்று ஏற்றினால் இப்படி ஆகும். எக்ஸ்ரேயில் 'குதிகால் முள்' (குதிகால் எலும்பில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு எலும்பு வளர்ச்சி) தெரிந்தால் பதற வேண்டாம். வலியே இல்லாத பலருக்கும் அது உண்டு.

எழுந்து நிற்பதற்கு முன்பே வலிக்கும் காலை மற்றத் தொடைமேல் போட்டு, விரல்களை மேல்நோக்கி இழுத்து 10 விநாடி பிடியுங்கள். 10 முறை. அப்புறம் சுவரில் கைவைத்து, வலிக்கும் காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையில் பதிய 30 விநாடி கெண்டைக்கால் தசையை நீட்டுங்கள்.

பலர் கவனிக்காதது வீட்டுத் தரை. டைல்ஸில் நாளெல்லாம் வெறுங்காலில் நடந்துவிட்டு, விலை உயர்ந்த ஷூ வாங்கியும் பயனில்லை என்பார்கள்! வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு போடுங்கள். நடைக்குப் பதில் சில நாள் சைக்கிள் ஓட்டலாம்.

குணமாகச் சில மாதங்கள் ஆகலாம். ஓய்விலும் இரவிலும் வலி, வீக்கம், மரத்துப்போதல் இருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.